கிண்ணத்தில் பட்ட சத்தம்

"நில்" என்று அவர் சொல்வதற்குள் இரண்டு விளக்குகளும் எரிந்துவிட்டன. இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை. வாள்களைத் தாழ்த்திக்கொண்டு ஆட்டக்காரிகள் இருவரும் தோளோடு தோள் இடித்து நின்றார்கள். கூடத்தில் பேச்சு அடங்கியது. எல்லோரும் நடுவரைப் பார்த்தார்கள்.

நடுவர் ஆட்டத்தைப் பார்த்திருக்கவில்லை.

கண் அங்கேதான் இருந்தது. ஆனால் பார்த்துக்கொண்டிருந்தது இடப்பக்கத்துக்காரியின் பின்னங்காலை. பாய்வதற்கு முன் அவளுடைய குதிகால் லேசாக வெளிப்பக்கம் திரும்பியது. வார இதழ் ஒன்றுக்கு அவர் எழுதிவந்த சரித்திரத் தொடரில் தளபதி ஒருவன் பல வாரங்களாகப் பாலத்தின் மேல் நின்றுகொண்டிருந்தான். பின்னாலிருந்து வரும் எதிரியை நோக்கி அவன் எப்படித் திரும்புவான் என்பது பிடிபடவில்லை. இந்தக் குதிகாலைப் பார்த்ததும் பிடிபட்டது. வாக்கியமும் வந்துவிட்டது. அதன் கடைசிச் சொல்லைத் தேடிக்கொண்டிருந்தபோது விளக்குகள் எரிந்தன.

இரண்டு விளக்கும் எரிந்தால் இருவர் வாளும் பட்டிருக்கிறது என்று பொருள். புள்ளி யாருக்கு என்பதை இயந்திரம் சொல்லாது, நடுவர் சொல்ல வேண்டும். முதலில் பாய்ந்தவருக்குப் புள்ளி. ஆனால் மற்றவர் அந்தப் பாய்ச்சலைத் தன் வாளால் தடுத்துவிட்டுத் திருப்பிக் குத்தியிருந்தால் புள்ளி அவருக்கு. சும்மா கையைத் தூக்கிவிட முடியாது. யார் பாய்ந்தது, யார் தடுத்தது, தடுப்பு பலித்ததா என்று நடந்ததை முதலிலிருந்து வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பிரித்துச் சொல்ல முடியவில்லையென்றால் அதற்கும் வழி இருக்கிறது. "தெரியவில்லை, மறுபடியும்" என்றால் இருவரும் கோட்டுக்குத் திரும்பிப் போய் ஆடுவார்கள். அதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை. புதிய நடுவர்களுக்கு அவர் எடுத்த வகுப்புகளில் முதலில் சொல்லிக்கொடுத்ததே அதுதான்.

இருவரும் சமமாக இருந்தார்கள். கடைசிப் புள்ளி. ஜெயிப்பவளுக்கு வெளியூர்ப் போட்டிக்குப் போகும் அணியில் மிச்சமிருந்த ஒரே இடம். தோற்பவள் வீட்டுக்குப் போகலாம்.

"இடது பாய்ந்தது" என்றார் அவர். குரல் வழக்கம்போல் கணீரென்று வந்தது. "வலது தடுக்கப் பார்த்தது. தடுப்பு முழுமையில்லை. இடது நிற்காமல் உள்ளே வந்தது. தொடுகை இடதுக்கு."

இடது கை உயர்ந்தது. கூடம் கைதட்டியது.

வலப்பக்கம் நின்றவள் முகமூடியைக் கழற்றினாள். பல் மருத்துவர்களுக்குச் செயற்கைப் பல் செய்துகொடுக்கும் கூடத்தில் வேலை. வாள்வீச்சுக் கூடத்தில் அவளைப் 'பல்லு' என்றுதான் கூப்பிடுவார்கள். ஒவ்வொரு வருடமும் ஏதாவது ஒரு சுற்றில் தோற்று வெளியேறுவாள். கடைசி ஆட்டம் வரை வந்தது இந்த வருடம்தான்.

"சார், நான் தடுத்தேனே. சத்தம் கேட்டுச்சே சார்."

அவள் சண்டைக்கு வரவில்லை, கேட்டாள். அப்போதுகூட நேரம் இருந்தது.

"அது உங்க கிண்ணத்துல பட்ட சத்தம்மா" என்றார். கைப்பிடிக்கு மேல் விரல்களைக் காக்கும் உலோகக் கிண்ணத்தைச் சொன்னார். "அவங்க வாள் கிண்ணத்துல உரசிட்டு உள்ள வந்துடுச்சு. கொஞ்சம் மேல பிடிச்சிருந்தா தடுத்திருப்பீங்க."

அவள் தன் கிண்ணத்தைத் திருப்பிப் பார்த்தாள். அதில் பழைய கீறல்கள் நிறைய இருந்தன. தலையை ஆட்டினாள். கையுறையைக் கழற்றிவிட்டு முதலில் எதிராளிக்கும் பிறகு அவருக்கும் கை கொடுத்தாள். கை வேர்த்திருந்தது.

முதலில் சொன்னதை அவசரத்தில் வாய் தவறி வந்தது என்று வைத்துக்கொள்ளலாம். இந்தக் கிண்ணம் அப்படியல்ல. அதை அவர் செய்தார். நிதானமாக, நன்றாகச் செய்தார்.

*

கூடத்தில் அவர் பெயர் 'கதை சார்'. பொதுப்பணித் துறைக் கிடங்கில் பண்டகக் காப்பாளர். காலையில் எழுதுவார், பகலில் குழாய்களையும் சிமெண்டு மூட்டைகளையும் பார்த்துக்கொள்வார், மாலையில் கூடத்துக்கு வருவார். பழைய அச்சகக் கட்டடத்தின் மேல்தளம்தான் வாள்வீச்சுக் கூடம். தரையில் இயந்திரங்களைப் பொருத்தியிருந்த ஆணித்துளைகளைச் சிமெண்டு பூசி அடைத்திருப்பார்கள். மழை பெய்தால் மூன்றாவது ஆடுதளத்தை விட்டுவிட்டு மற்ற இரண்டில் ஆடுவார்கள்.

இங்கே அவரைக் கொண்டுவந்து சேர்த்ததே ஒரு வெட்கம்தான். அவருடைய இரண்டாவது நாவலுக்கு நூலகத்தில் ஒரு கூட்டம் வைத்தார்கள். பேசியவர்கள் எல்லோரும் வாள்சண்டைக் காட்சிகளை ஆகாயத்துக்குத் தூக்கினார்கள். கடைசியில் ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர் எழுந்தார்.

"எல்லாம் சரிங்க. உங்க இளவரசன் வலது கைக்காரன். வாளும் வலது இடுப்புலேயே தொங்குது. அதை எப்படிங்க உருவுவான்? முழங்கையை மடக்கித் தன் காதையே அறுத்துக்குவானே?"

சபை சிரித்து ஓய வெகுநேரம் ஆயிற்று. அவரும் சிரித்தார். வீட்டுக்கு வந்து மனைவியின் துணி தைக்கும் அளவுக்கோலை இடுப்பில் செருகி, கண்ணாடி முன் நின்று உருவிப் பார்த்தார். அந்த வாரமே கூடத்தில் சேர்ந்தார். முப்பது தாண்டிய வயது, தொப்பை வேறு. சின்னப் பையன்கள் அவரை வாளால் தொட்டுத் தொட்டு விளையாடினார்கள். ஆட்டக்காரராக அவர் எதுவும் ஆகவில்லை. முழங்கால் ஒத்துழைக்கவில்லை. ஆனால் கண் தேறியது. நடுவர் தேர்வு எழுதினார். ஆட்டத்தின் சொற்களுக்கெல்லாம் தமிழில் பெயர் வைத்தார். விதிகளைச் சுருக்கி ஒரு சிறிய புத்தகம் போட்டார். பக்கத்து ஊர்களில் தகராறு வந்தால் அவரைத்தான் கூப்பிட்டார்கள். அவர் தீர்ப்புச் சொல்வதைக் கேட்பதற்கென்றே சிலர் வருவார்கள். "கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டாலும் ஆட்டம் தெரியும்" என்பார் செயலாளர்.

அவருடைய வாசகர்களுக்கு இதெல்லாம் பெருமை. எழுதுகிறவருக்கு நிஜமாகவே வாள் தெரியும் என்று சொல்லிக்கொண்டார்கள். அவரும் அதை மறுத்ததில்லை.

*

தளபதி அன்று பாலத்தில் திரும்பவில்லை. மறுநாளும் திரும்பவில்லை. குளிர்பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த மேசையில் அவர் உட்கார்ந்திருந்தார். மனைவி அரிசி களைந்துகொண்டிருந்தாள். அவர் எழுதுவதை இதழுக்கு அனுப்புமுன் படித்துத் திருத்துகிறவள் அவள்தான்.

"என்னங்க, உங்க தளபதிக்குக் கால்ல ஆணியா? நகர மாட்டேங்கிறாரே."

"வரல."

"செலக்‌ஷன் ஆட்டம் முடிஞ்சதுலேருந்து மூஞ்சி சரியில்ல. யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"யாரும் ஒண்ணும் சொல்லல. அதான்."

அவள் பாத்திரத்தை அடுப்பில் வைத்துவிட்டு ஈரக்கையோடு வந்து எதிரில் உட்கார்ந்தாள். அவர் சொன்னார். பாதிதான் சொன்னார். பல்லு தோற்றதையும் அவள் வந்து கேட்டதையும் கிண்ணத்தில் வாள் பட்டதையும் சொன்னார்.

"கிண்ணத்துல பட்டுச்சா?"

"பட்டுச்சு."

"சத்தம் கேட்டுச்சா?"

"ம்."

மனைவி அவரையே பார்த்தாள். "கோட்டைக் கதவைப் பத்தி உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. அதுக்கு ஒரு கிரீச் வச்சீங்க. கப்பலைப் பத்தித் தெரியாது. பாய்மரம் படபடன்னு அடிச்சுது. இத்தனை வருஷமாப் படிக்கிறேன். பார்க்காத இடத்துலதான் உங்களுக்குக் காது கேக்கும்."

அவருடைய காதுமடல் சுட்டது. இதை அவரே ஒரு கூட்டத்தில் தொழில் ரகசியம் என்று சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறார். நீங்கள் பார்க்காததை எழுதும்போது ஒரு சத்தத்தைச் சேர்த்துவிடுங்கள், வாசகன் நம்பிவிடுவான்.

"பார்த்தீங்களா, பார்க்கலையா?" என்றாள் மனைவி.

"பார்த்தேன்னு வச்சுக்கோயேன்."

"நான் எதையும் வச்சுக்கல. என்கிட்ட எதுக்கு மழுப்பறீங்க? நானா வாளைத் தூக்கிட்டு நின்னேன்? அந்தப் பொண்ணுகிட்ட போய்ச் சொல்லுங்க."

"சொல்லி என்ன ஆகப்போகுது? ஜெயிச்சவ பேரை அனுப்பியிருப்பாங்க."

"ஒண்ணும் ஆகாட்டிதான் என்ன. நீங்க சோறாவது தின்னுவீங்க."

*

பல் செய்யும் கூடம் ஒரு கண்ணாடிக் கடைக்கு மேலே இருந்தது. படியேறும்போது என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனார். 'உங்களிடம் ஒரு உண்மையை ஒப்படைக்க வந்திருக்கிறேன்.' ஒப்படைக்க என்பது கொஞ்சம் அதிகம். 'ஒரு தவறு நடந்துவிட்டது.' நடந்துவிட்டது என்றால் தானாக நடந்த மாதிரி இருக்கிறது. திருப்பத்தில் நின்றார். மன்னிப்புக் கேட்கப் போகிற இடத்திலும் வாக்கியத்துக்கு மெருகு போட்டுக்கொண்டிருந்தது தெரிந்தது. இறங்கிப் போய்விடலாமா என்றிருந்தது. கீழேயிருந்து ஒருவர் மூட்டையோடு ஏறி வந்ததால் மேலே போக வேண்டியதாயிற்று.

உள்ளே மெழுகும் அச்சு எடுக்கும் சுண்ணமாவும் மணத்தன. அலமாரியில் வாய் இல்லாத பற்கள் வரிசையாகச் சிரித்தன. அவள் கண்ணாடி மாட்டிக்கொண்டு, சுழலும் சக்கரத்தில் ஒரு பல்செட்டைப் பிடித்திருந்தாள்.

"அட, வாங்க சார். பல்லு ஏதாவது ஆடுதா?"

"ஆடலம்மா."

"ஆடினாச் சொல்லுங்க. சாருக்கு ராஜா செட்டாவே போட்டுத் தரேன். கடிச்சா கோட்டைச் சுவரே விழும்."

அவர் சிரிக்க முயன்றார். அவள் ஒரு நாற்காலியிலிருந்த தூசியைத் தட்டி அவர் பக்கம் தள்ளினாள். சக்கரத்தை நிறுத்தவில்லை.

"நானே உங்களைப் பார்க்கணும்னு இருந்தேன் சார். தேங்க்ஸ் சொல்லணும். வேற யாராவது நடுவரா இருந்தா தோத்துட்டேன்னு மட்டும்தான் சொல்லியிருப்பாங்க. ஏன்னு நீங்கதான் சொன்னீங்க. சத்தியமா நான் தடுத்தேன்னுதான் சார் நினைச்சேன். கையிலே தெரிஞ்சுது. ராத்திரி படுத்து யோசிச்சுப் பார்த்தா, ஆமா, கிண்ணம் மாதிரிதான் இருந்துச்சு. வாள்ல படறதுக்கும் கிண்ணத்துல படறதுக்கும் வித்தியாசம் தெரியாத கையை வச்சுக்கிட்டு இத்தனை வருஷம் ஆடியிருக்கேன் பாருங்க."

"அப்படி இல்லம்மா."

"பரவால்ல சார். போதும்னு விட்டுட்டேன். கையுறையக் கொக்குகிட்ட குடுத்துட்டேன், அவளுக்குச் சரியா இருந்துச்சு. மத்தது எதுவும் அவ உயரத்துக்குப் பத்தாது." கொக்கு என்பது அவளை ஜெயித்தவள். "ஆனா ஒண்ணு சார். இங்கயும் சந்தேகம் வந்துடுச்சு. மேல் தாடையும் கீழ்த் தாடையும் ஒட்டி உட்காருதான்னு விரலால ஒரு தடவு தடவினாப் போதும் எனக்கு. இப்ப திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். முதலாளி திட்டறார், பல்லைத் தேய்ச்சே கரைச்சுடுவே போலிருக்கேன்னு."

"நான் பார்க்கலம்மா" என்றார் அவர்.

"எதை சார்?"

சக்கரத்தின் இரைச்சலில் அவளுக்குச் சரியாகக் கேட்கவில்லை. சுவரிலிருந்த விசையை அணைத்தாள். இரண்டாம் தடவை சொல்வது முதல் தடவையைவிடக் கஷ்டமாக இருந்தது.

"கடைசிப் புள்ளியை. நான் வேற எதையோ நினைச்சுக்கிட்டு இருந்தேன். விளக்கு எரிஞ்சதுதான் தெரியும்."

அவள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள். கண்ணைச் சுற்றி மட்டும் தூசி இல்லை.

"கிண்ணத்துல பட்ட சத்தம்?"

"நானாச் சொன்னது."

"நீங்க கேக்கலையா?"

"எந்தச் சத்தமும் கேக்கல."

அவள் பல்செட்டை மேசைமேல் வைத்தாள். கை கழுவினாள். துடைத்துக்கொண்டே கேட்டாள்: "அப்ப நான் தடுத்தேனா சார்?"

அவர் அதற்குத் தயாராக வரவில்லை. ஆம் என்று சொல்லிவிட வாய் வந்தது. சொல்லியிருந்தால் அவள் முகம் எப்படி மாறும் என்பதுகூடக் கண்முன் வந்துவிட்டது.

"தெரியாதும்மா."

"தடுத்தேன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூட முடியாதா உங்களால?"

"சொன்னா அதுவும் இட்டுக்கட்டினதாத்தான் இருக்கும்."

"ரொம்ப நல்லா இருக்கு சார்." அவள் குரல் உயரவில்லை. "தெரியாதுங்கிற வார்த்தை இப்பத்தான் வாயில வருதா? அன்னைக்கு அதைச் சொல்லியிருந்தா இன்னொரு தடவை ஆடியிருப்போம். தோத்திருந்தா தோத்துட்டுப் போறேன். எங்க சார் போச்சு அந்த வார்த்தை?"

அவர் தரையைப் பார்த்தார். சுண்ணமாவில் அவருடைய செருப்புத் தடங்கள் வாசலிலிருந்து நாற்காலி வரை வந்திருந்தன.

"எழுந்திருங்க" என்றாள். "இதை இங்க சொன்னா எனக்கு மட்டும்தான் தெரியும். அங்க வந்து சொல்லுங்க."

*

கூடத்தில் மாலைப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. செயலாளர் தண்ணீர் மோட்டார் வியாபாரி. மூலையில் உட்கார்ந்து, விளக்குகளுக்குப் போகும் அறுந்த ஒயரை ஈயம் வைத்துப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். மறுநாள் அவர்தான் அணியைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

"அண்ணே, வாங்க. ஏம்மா பல்லு, உன்னை ஆளையே காணோம்?"

பல்லு கதை சாரைப் பார்த்தாள். அவர் நின்றபடியே சொன்னார். நல்ல குரல், எங்கே நின்று பேசினாலும் கூடம் முழுக்கக் கேட்கும். அன்றும் கேட்டது. ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நின்று முகமூடியைத் தூக்கினார்கள்.

செயலாளர் பற்றவைக்கும் கோலைத் தாங்கியில் வைத்தார். "அண்ணே, கொஞ்சம் உள்ள வாங்க, பேசலாம்."

"இங்கேயே பேசலாம்."

"என்னத்தப் பேசறது? பட்டியல்ல பேரு போயாச்சு. நடுவர் கண்ணால பார்த்துச் சொன்னதுக்கு மேல அப்பீல் கிடையாது. யாரு சொல்லிக்கொடுத்தது? நீங்கதானே?"

"அந்த நடுவரே வந்து பார்க்கலேன்னு சொல்றேனே."

"ஆட்டம் முடிஞ்சு கைகுடுத்ததோட நடுவர் போயாச்சு. இப்ப நீங்க பேன்ட் போட்ட ஒரு மனுஷன், அவ்வளவுதான். நாளைக்கு நானும் வந்து போன வருஷம் பார்க்கலேன்னு சொல்லலாம். விளையாட்டு நடக்குமா?" குரலைத் தாழ்த்தினார். "இதை வெளியில சொல்லிடாதீங்க. கூடத்துக்குத்தான் அசிங்கம்."

கொக்கு ஆடுதளத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். கல்லூரி முடித்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. முதல் வெளியூர்ப் போட்டி. கதை சார் அவளிடம் திரும்பினார்.

"உனக்குத் தெரியுமேம்மா. உன் வாள்தானே. தடுத்தாங்களா?"

"நீங்க சொன்ன மாதிரிதான் சார் எனக்கும் ஞாபகம். நேரா உள்ள வந்தேன். அவங்க கிண்ணத்துல உரசிச்சு. டங்குன்னு ஒரு சத்தம்..."

"நான் சொல்றதுக்கு முன்னாடியே கேட்டுச்சா? இல்ல, சொன்னப்புறமா?"

கொக்கு தன் கையைப் பார்த்தாள், பல்லுவைப் பார்த்தாள். கழுத்திலிருந்து மேலே முகம் முழுக்கச் சிவந்தது. பொய் சொல்லிப் பிடிபட்டவள்போல் நின்றாள். அவள் எந்தப் பொய்யும் சொல்லவில்லை.

"தெரியல சார்" என்றாள்.

அந்தப் புள்ளியில் என்ன நடந்தது என்று தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். இரண்டு பேரிடமிருந்தும் அதை அவர் எடுத்துவிட்டு, தன் கதையை அங்கே வைத்திருந்தார். எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

"அவளைக் கேக்காதீங்க" என்றாள் பல்லு. "மூணு ராத்திரி எனக்கே அந்த டங்கு கேட்டுச்சு."

யாரோ லேசாகச் சிரித்து உடனே நிறுத்திக்கொண்டார்கள்.

"இன்னொரு தடவை ஆடலாமா?" என்றாள் கொக்கு மெதுவாக. "எனக்குச் சம்மதம்."

"அதெல்லாம் வேண்டாம்" என்றார் செயலாளர். "நாளைக்குப் பயணத்தை வச்சுக்கிட்டுக் கால்ல கையில பட்டா யார் பதில் சொல்றது? எடுத்து வைங்கம்மா எல்லாத்தையும்."

பல்லு ஆடுதளத்துக்குப் போனாள். கொக்கு தானாகவே கையுறையைக் கழற்றி நீட்டினாள். பல்லு வாங்கி, விரல்களை ஒவ்வொன்றாக இழுத்துச் சரிசெய்துகொண்டாள். "நீ நல்லா ஆடுடி" என்று அவள் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள். "வேற வாங்கிக்கோ. இது எனக்கு வேணும்."

திரும்பி வரும்போது கதை சார் முன்னால் நின்றாள்.

"சார், இனிமே நான் ஆடற ஆட்டத்துக்கு நீங்க நிக்காதீங்க."

"சரிம்மா."

அவள் போனபின்பும் அவர் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். வழக்கமாக அவருக்கு நாற்காலி இழுத்துப் போடும் பையன்கள் ஒயரைச் சுருட்டுவதில் மும்முரமாக இருந்தார்கள்.

*

மறுநாள் காலைப் பேருந்தில் அணி புறப்பட்டது. கொக்கு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். கதை சார் வழியனுப்பப் போகவில்லை. கிடங்கில் குழாய் லாரி வந்தது, இறக்கிக் கணக்கெடுத்தார். மத்தியானம் நடுவர் சங்கத்துக்குத் தொலைபேசி செய்தார். எடுத்தவர் முழுவதையும் கேட்டுவிட்டு, இதற்கு விதியில் இடமில்லை, வேண்டுமானால் நடுவர் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடலாம் என்றார். எடுத்துவிடுங்கள் என்றார் கதை சார். அதை எழுத்து மூலம் தர வேண்டும் என்றார் சங்கத்துக்காரர். இதழிலிருந்து கூப்பிட்டு அத்தியாயம் கேட்டார்கள். இந்த வாரம் இல்லை என்றார். உடம்பு சரியில்லையா என்றார்கள். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது என்றார். மாலையில் கூடத்தில் பயிற்சி இருந்தது. பல்லு வந்திருந்ததாகப் பிறகு சொன்னார்கள். அவர் நேராக வீட்டுக்கு வந்தார். மனைவி சாப்பாடு போட்டாள். சாப்பிட்டார்.